கலைச்சொல்லும் கைவினைச்சொல்லும்: பொறியியல் வரைவுச் சொற்களும் பழவேற்காட்டு ஏரிக்கரைப் படகுத்தொழிலும்

முன்னுரை

ஒரு கலை ஒரு மொழியிற் புகுங்கால் அதற்குரிய சொற்களும் உடன் புகுதல் இயல்பு. அச்சொற்களை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்னும் ஆராய்ச்சி தமிழில் நூறாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களை ஆக்குதற்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதி ஒன்றை வெளியிட்டது. பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களமும், தமிழ்நாட்டிற் பல்கலைக்கழகங்களும் துறைதோறும் சொற்பட்டியல்களை ஆக்கின. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிற் பொறியியல் கற்பிக்க இசைவு தந்தது. ஆதலின், இச்சொற்கள் இனிப் பட்டியலுள் உறங்குதற்குரியன அல்ல. மாணாக்கன் எழுதவும், பட்டறையிற் பேசவும், பொறியை இயக்கவும் பயன்பட வேண்டியன.

பொறியியல் வரைவு, கணினிவழி வடிவமைப்பு, கணினிவழி ஆக்கம் என்னும் மூன்றன் அடிப்படைச் சொற்கள் சிலவற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். இவற்றுக்கு ஆய்வுக்களமாகத் தமிழ்நாட்டின் வடகோடியிலுள்ள ஆரம்பாக்கத்தைக் கொள்கின்றோம். பொறியியலுக்கும் அம்மீனவர் ஊருக்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு, கணினிவழி வடிவமைப்பின் தலையாய சொற்களுட் சில ஆங்கிலத்திற் படகு கட்டுவோர் வாயினின்றே எடுக்கப்பட்டன என்பதே நம் விடை. அங்ஙனமாயின், தமிழ்ச் சொல்லாக்கமும் தன் படகுத்துறையை நாடுதல் தகுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

வரைவின் அடிப்படை

மூன்று பரிமாணமுடைய பொருளை இரு பரிமாணமுடைய தாளிற் பிழையறக் காட்டுதலே பொறியியல் வரைவின் நோக்கம். ஓவியன் காட்டும் பொருளைக் கண்டு மகிழலாம். அதனைக்கொண்டு அப்பொருளைச் செய்தல் இயலாது. செய்வோனுக்கு வேண்டுவன உண்மையான நீளம், உண்மையான கோணம், உண்மையான வளைவு ஆகியன. இவற்றைப் பெறுதற்குரிய முறையைப் பிரெஞ்சு நாட்டுக் காசுபார் மோஞ்சு என்பார் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கணிதத் துறையாக வகுத்தார்.

ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியினின்றும் ஒரு தளத்திற்குச் செங்குத்தாகக் கோடு விடின், அக்கோடுகள் தளத்தைத் தொடும் இடங்கள் ஓர் உருவத்தை அமைக்கும். இவ்வுருவத்தைத் தமிழ்நாட்டுக் கணித நூல்கள் வீழல் என்றும், இலங்கை நூல்கள் எறியம் என்றும் வழங்குகின்றன. முன்னின்று நோக்கி வரைவது முன்தோற்றம். மேனின்று நோக்கி வரைவது மேற்றோற்றம். பக்கத்தினின்று நோக்கி வரைவது பக்கத்தோற்றம். உள்ளே மறைந்த உறுப்புகளைக் காட்டற்குப் பொருளை வெட்டியதாகக் கருதி வரைவது வெட்டுத்தோற்றம்.

இத்தோற்றங்களைத் தாளில் அமைக்கும் முறை இருவகைத்து. பொருள், நோக்குவோனுக்கும் தளத்திற்கும் இடையில் நிற்பதாகக் கொள்ளின் மேற்றோற்றம் முன்தோற்றத்தின் கீழே அமையும். இது முதற்கோண முறை. தளம் இடையில் நிற்பதாகக் கொள்ளின் மேற்றோற்றம் மேலே அமையும். இது மூன்றாங்கோண முறை. இந்தியத் தர நிறுவனத்தார் வரைவுக்கென வெளியிட்ட கையேடு முதற்கோண முறையையே பரிந்துரைக்கின்றது. எம்முறை கொள்ளப்பட்டது என்பதை வரைபடத்தின் மூலையில் வெட்டுண்ட கூம்பின் இரு தோற்றங்களாகிய குறியீடு உணர்த்தும். இக்குறியீட்டை நோக்காது பொருளைச் செய்தால் உறுப்புகள் இடம் மாறி அமைதல் கூடும்.

வடிவியற் சொற்களின் பிறப்பு

இங்குக் கூம்பு என்னும் சொல்லைச் சிறிது நின்று நோக்குவோம். இன்று அது வட்ட அடியினின்று குறுகி ஒரு புள்ளியில் முடியும் திண்மத்தைக் குறிக்கின்றது. பண்டைத் தமிழர் மரக்கலத்தின் பாய்மரத்தையும் கூம்பு என்றனர். மேலே செல்லச் செல்லக் குறுகுதலாகிய பொருள் இரண்டற்கும் பொது.

இஃது ஒரு சொல்லளவில் நிற்பதன்று. வட்டத்தின் நடுவினின்று விளிம்புவரை செல்லும் கோடு ஆரம். வண்டிச் சக்கரத்தின் குடத்தினின்று வட்டைக்குச் செல்லும் கட்டை ஆரக்கால். வட்டத்தைக் குறுக்கே ஊடறுப்பது விட்டம்; வீட்டின் கூரையைத் தாங்கிக் குறுக்கே கிடப்பதும் விட்டம். வட்டத்தின் பகுதி வில். அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோடு நாண். சுழற்சியின் நடுக்கோடு அச்சு. அது வண்டியின் அச்சே. இங்ஙனம் தச்சனும், வண்டி செய்வோனும், வில் வல்லோனும் வழங்கிய சொற்களே நம் வடிவியலின் அடிப்படைச் சொற்களாயின. இலத்தீன் மொழியிலும் ஆரத்தைக் குறிக்கும் சொல் ஆரக்காலையும், அச்சைக் குறிக்கும் சொல் வண்டியச்சையும் முதற்கட் குறித்தன.

ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்லை நன்னூலார் குழூஉக்குறி எனத் தகுதி வழக்கினுள் அடக்கினார். குழூஉக்குறியாகத் தோன்றிய சொல், அது உணர்த்தும் கருத்துப் பிறர்க்கும் வேண்டப்படும்பொழுது, பொதுச்சொல்லாக உயர்தல் உண்டு. மேற்கூறிய ஆரமும் விட்டமும் அங்ஙனம் உயர்ந்தனவே.

படகின் வளைவும் கணினியும்

பெட்டி, தூண், பல்லிணை போன்றவற்றின் வடிவங்களைக் கோட்டாலும் வட்டத்தாலும் வரைந்துவிடலாம். படகின் உடலோ அத்தன்மைத்தன்று. முன்பகுதி கூர்மையாய்த் தொடங்கி, நடுவில் அகன்று, பின்பகுதியில் மீண்டும் ஒடுங்குகின்றது. அடியினின்று விளிம்பு நோக்கியும் வளைவு மாறிக்கொண்டே செல்கின்றது. ஆதலின் மேலைநாட்டுக் கப்பல் வரைவாளர் உடலை மூவகைத் தளங்களால் வெட்டிக் காட்டினர். நீர்மட்டத்திற்கு இணையாக வெட்டுவது ஒன்று. நீளவாட்டில் நெடுக வெட்டுவது ஒன்று. குறுக்கே வெட்டுவது ஒன்று. படகின் இருபுறமும் ஒத்திருத்தலின் மேற்றோற்றத்திற் பாதியே வரைவர்.

சிறிய தாளில் வரைந்த வளைவை உண்மை அளவிற்கு விரிக்குங்கால் சிறு பிழையும் பெரும்பிழையாய் விடும். எனவே கப்பற்பட்டறையின் மேல்மாடத் தரையில் படகின் கோடுகளை முழு அளவில் வரைந்து சரிபார்த்தனர். மேல்மாடத்தைக் குறித்த லாஃப்ட் என்னும் ஆங்கிலச் சொல், அங்குச் செய்யும் அவ்வரைவுத் தொழிலுக்கே பெயராயிற்று. வளைகோட்டை வரைதற்கு மெல்லிய நெடிய மரச்சட்டம் ஒன்றை வளைத்து, வேண்டிய புள்ளிகளில் ஈய எடைகளை வைத்து நிறுத்தினர். அச்சட்டத்தின் பெயர் ஸ்ப்ளைன். எடைகளை அவற்றின் வடிவு நோக்கி வாத்து எனவும் வழங்கினர்.

இச்சட்டத்தின் செயல் வியப்புக்குரியது. எடைகளுக்கு இடையில் அது தான் விரும்பியவாறு வளைவதில்லை. வளைதற்கு வேண்டும் ஆற்றல் எவ்வடிவிற் குறைவோ அவ்வடிவையே கொள்கின்றது. அதனாலேயே அதன் வளைவு முடிச்சின்றியும் முறிவின்றியும் ஓடுகின்றது. சிறிதே வளைந்த சட்டத்தின் வடிவம், ஒவ்வோர் இடைவெளியிலும் மூன்றாம் படிக் கோவை ஒன்றனால் அமையும் என்பது கணிதத்தாற் பெறப்படும். 1946ஆம் ஆண்டில் ஷோன்பெர்கு என்னும் கணித அறிஞர், துண்டு துண்டாக இணைந்த இத்தகைய கோவைகளுக்கு மரச்சட்டத்தின் பெயரையே இட்டார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்களாற் கட்டுப்படுத்தப்படும் துருவுபொறி இயக்கிக் காட்டப்பட்டது. 1959இல் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோவன் நிறுவனத்தில் தெ காசுதெல்ஷோவும், 1960களில் ரெனோ நிறுவனத்தில் பெசியேவும் மகிழுந்தின் உடல்வளைவுகளைச் சில கட்டுப்புள்ளிகளாற் குறிக்கும் முறையைத் தனித்தனியே கண்டனர். 1963இல் ஐவன் சதர்லாந்து திரையில் ஒளிப்பேனாவால் வரைந்து திருத்தும் அமைப்பை வெளிப்படுத்தினார். 1982இல் ஆட்டோகேட் வெளிவந்தபின் கணினிவழி வரைவு சிறு பட்டறைகளையும் எட்டியது.

இன்று கணினியில் வடிவமைப்போர் வளைகோடு வரைதற்கு ஸ்ப்ளைன் என்னும் கட்டளையையும், பல குறுக்குவெட்டுகளின்மேல் ஒரு மேற்பரப்பைப் படரவிடுதற்கு லாஃப்ட் என்னும் கட்டளையையும் இடுகின்றனர். மரச்சட்டமும் இல்லை, மேல்மாடமும் இல்லை, சொற்கள் மட்டும் நிலைபெற்றன. ஈய எடையைக் குறித்த வாத்து என்னும் சொல்லோ கணினியுள் நுழையவில்லை. கருத்தை உணர்த்திய சொல் வாழ்ந்தது. கருவியின் உருவத்தை மட்டும் சுட்டிய சொல் வீழ்ந்தது. இவ்வேறுபாடு சொல்லாக்கத்திற்கு ஒரு நெறியாகும்.

மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடு

பிறமொழிக் கலைச்சொல்லைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் அகராதிப் பொருளையே பற்றுகின்றனர். லாஃப்ட் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் பரண். கணினிக் கட்டளையைப் பரண் என்று பெயர்த்தால் தமிழ் மாணாக்கன் யாது உணர்வான்? ஆங்கிலச் சொல்லின் வரலாறு தமிழ்ச் சொல்லுக்கு இல்லை. சொல்லைப் பெயர்த்தோம், கருத்தைப் பெயர்த்தோமில்லை.

அளவுப் பிழையைப் பற்றிய சொல்லும் இத்தகையது. எப்பொருளையும் குறித்த அளவிற்கு முற்றும் ஒப்பச் செய்தல் இயலாது. எனவே எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதை வரைபடத்திலேயே குறிப்பர். சான்றாக, 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்னும் தரம் குறித்தால், துளை 25.000 முதல் 25.021 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதனுட் சுழலும் தண்டுக்கு எஃப்7 என்னும் தரம் குறித்தால், அது 24.959 முதல் 24.980 வரை இருக்கலாம். அங்ஙனமாயின் இரண்டற்கும் இடையே குறைந்தது 0.020 மில்லிமீட்டரும், மிகுந்தது 0.062 மில்லிமீட்டரும் இடைவெளி நிற்கும். தண்டு தடையின்றிச் சுழலும். இக்கூடுதல் குறைவின் எல்லையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அன்றாட வழக்கில் பொறுத்துக்கொள்ளுதலைக் குறிப்பது. அதுபற்றிச் சகிப்பு என மொழிபெயர்ப்பின், துன்பத்தைத் தாங்குதல் என்னும் பொருளே மாணாக்கன் உள்ளத்தில் தோன்றும். ஏற்றுக்கொள்ளும் அளவு என்னும் பொருளில் ஏற்பளவு என்பது தெளிவாக நிற்கும்.

தமிழ்நாட்டுத் தச்சர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஒரு பங்கை நூல் என்பர். ஒரு நூல் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். ஒரு நூல் கூடலாம், ஒரு நூல் குறையலாம் என்னும் பேச்சில் ஏற்பளவு என்னும் கருத்து முழுமையாக அடங்கியுள்ளது. மேற்கூறிய துளையின் ஏற்பளவு, நூலில் ஏறக்குறைய நூற்றைம்பதில் ஒரு பங்கே. அளவு மாறினும் கருத்து மாறவில்லை. ஆசிரியர் அறிந்ததினின்று அறியாததற்குச் செல்லுதற்கு இஃது ஏற்ற வாயில்.

ஏரிக்கரைச் சொற்கள்

ஆரம்பாக்கம், சென்னையினின்று கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காட்டு ஏரியின் மேல்கரையில் அமைந்தது. நொச்சிக்குப்பம், பாட்டைக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அதனை அடுத்துள்ளன. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. பரப்பிற் பெரிதாயினும் ஆழத்திற் சிறிது. பெரும்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமே உடையது. ஆதலின் இங்கு ஓடும் படகு நீரில் மிகுதியாக அமிழாத அடியுடையதாதல் வேண்டும். நீரின் இயல்பு படகின் வடிவை வரையறுக்கின்றது.

இவ்வூரின் தென்திசையிற் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை உள்ளது. ஏரியின் கீழ்ப்பால், 1971 முதல் ஏவுகலங்கள் விண்ணிற் செலுத்தப்பட்டுவரும் சிரீஅரிகோட்டாத் தீவு கிடக்கின்றது. இவ்விரண்டு இடத்தும் பணிபுரிவோர்க்கு வரைபடமே மொழி. இடையிலுள்ள கரையில் மரபுவழிப் படகுத் தச்சர் வரைபடம் இன்றி, கண்ணளவும் கையளவும் கொண்டு படகு கட்டி வந்தனர். வரைபடம் இல்லை என்பதனால் வடிவியல் அறிவு இல்லை என்று கொள்ளற்க. அவ்வறிவு தாளில் தங்காமற் சொல்லில் தங்கியது.

அச்சொற்களுட் சில சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியுள் இடம்பெற்றுள்ளன. படகின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம், அடியில் நெடுகக் கிடக்கும் முதுகெலும்பு போன்ற கட்டை ஏரா, அதனின்று இருபுறமும் விலாவென எழும் சட்டம் வங்கு. பலகைகளின் இடுக்கை அடைத்தல் கலப்பற்று. திசை திருப்பும் சுக்கானும், நிறுத்தி வைக்கும் நங்கூரமும் கடல்வழி வந்த திசைச்சொற்கள். மரக்கலம் கட்டுதலைப் பற்றிய கப்பல் சாத்திரம் என்னும் நூல் 1950இற் சென்னையில் அச்சேறியது. ஆதலின் இத்துறைச் சொற்கள் ஏட்டிலும் ஏறியன என்பது தெளிவு.

இவற்றை வரைவின் நோக்கிற் காணின், ஏரா என்பது எல்லா உயரங்களையும் அளத்தற்குத் தொடக்கமாகிய அடிக்கோட்டின் இடம். கப்பல் வரைபடத்தின் அடிக்கோடும் அங்கேயே கொள்ளப்படுகின்றது. வங்கு என்பது குறுக்குவெட்டின் வடிவம். வங்குகளின்மேற் பலகை போர்த்துதல், குறுக்குவெட்டுகளின்மேல் மேற்பரப்பைப் படரவிடுதல். கணினியில் லாஃப்ட் எனப்படும் செயல் இதுவே. ஆதலின் அதனை வங்குப்போர்ப்பு எனலாம் என்பது நம் கருத்து. ஸ்ப்ளைன் என்பதற்கு, கூரையில் இடும் மெல்லிய சட்டத்தைக் குறிக்கும் வரிச்சு என்னும் சொல்லைக்கொண்டு வளைவரிச்சு எனலாம். வளைவரிச்சு என்ற அளவிலேயே, வளைந்தும் முறியாத மெல்லிய சட்டம் கற்போன் கண்முன் தோன்றும். அதன் கணிதம் பின்னர் எளிதில் விளங்கும்.

தடைகளும் விடைகளும்

இதற்குத் தடை கூறுவார் உளர். முதலாவது, ஒரு கரையில் வழங்கும் சொல் மற்றொரு கரையில் வழங்காது என்பர். கட்டுமரத்திற்கும், கயிற்றால் தைத்த மசூலாப் படகிற்கும் வங்கு இல்லை. எனவே அச்சொல் எல்லாப் படகுகளுக்கும் பொதுவன்று. இஃது உண்மையே. ஆயினும் கலைச்சொல்லுக்கு வேண்டுவது எங்கும் வழங்குதலன்று. ஒரு கருத்தை ஐயமின்றி உணர்த்துதலாகும். கருத்தோடு கூட்டிக் கற்பித்தால் வழக்கம் பின்னர் விரியும்.

இரண்டாவது, எல்லைப்புறத்துப் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குமே என்பர். தொல்காப்பியர் இயற்சொல்லோடு திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல்லாகக் கொண்டார். சுக்கானை ஏற்ற மொழிக்கு அண்டைமொழிச் சொல் அயலன்று.

மூன்றாவது, ஆங்கிலச் சொல்லையே எழுத்துப்பெயர்த்து வழங்கின் என்ன என்பர். சில இடங்களில் அதுவே தக்கது. எண்வழிப் பொறிக்கு இடும் ஜி00, ஜி01, ஜி02 போன்ற கட்டளைக் குறிகளை மாற்றுதல் கூடாது. பொறி அவற்றையன்றி வேறொன்றை அறியாது. ஆனால் ஜி00 வெட்டாது விரைந்து செல்லுதல், ஜி01 நேர்கோட்டில் வெட்டிச் செல்லுதல், ஜி02 வலஞ்சுழியாக வில்வழிச் செல்லுதல் என்னும் விளக்கம் தமிழில் அமைதல் வேண்டும். குறி பொறிக்கு உரியது. விளக்கம் மனிதனுக்கு உரியது. அவ்விளக்கத்தில் வில் என்னும் பழஞ்சொல் எவ்விதத் தடையுமின்றி வந்து நிற்றலைக் காண்க.

அதேபொழுது கைவினைச் சொல்லை அளவிறந்து புகுத்துதலும் தவறு. ஏரா என்னும் சொல்லைப் படகு வரைவிற்குக் கொள்ளலாம். பல்லிணையின் அளவுத் தொடக்கத்தை ஏராக்கோடு என்றல் பொருந்தாது. அதற்கு அடிநிலை என்பதே அமையும். வாத்து என்னும் சொல்லின் வீழ்ச்சி இங்கும் நமக்கு வழிகாட்டுகின்றது.

முடிவுரை

இவ்வாராய்ச்சிக்குக் காலம் நெடிதாக இல்லை. 1950களிற் சென்னை மாநிலத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தார் அனுப்பிய வல்லுநர் வரைபடம் கொண்டு இயந்திரப் படகுகளை வடிவமைத்தனர். 1979இற் சென்னையைத் தலைமையிடமாகக்கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கண்ணாடியிழைப் படகுகளை வளர்த்தது. கண்ணாடியிழைப் படகு அச்சில் வார்க்கப்படுவது. அதற்குப் பலகையும் வேண்டா; கலப்பற்றும் வேண்டா. அப்படகு மீனவர்க்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. எடை குறைவு, பேணுதல் எளிது. எனினும் மரப்படகு குறையுந்தோறும் அதனைக் கட்டிய தச்சர் குறைவர். தச்சர் குறையுந்தோறும் அவர்தம் சொற்களும் மறையும். அகராதி பதிவு செய்தன சிலவே. எச்சொல் எக்கரையில் எப்பொருளில் வழங்கிற்று என்பதை இன்னும் கேட்டறியக்கூடிய தலைமுறை முதுமையடைந்து வருகின்றது.

மற்றொரு புறத்தில் தமிழ்வழிப் பொறியியற் கல்வியும் உறுதியாக வேரூன்றிற்றில்லை. 2023இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, பின்னர் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கற்பார் குறைவு என்பதே காரணமாகக் கூறப்பட்டது. விளங்காத சொல்லால் எழுதிய பாடத்தை நாடுவார் குறைதல் இயல்பேயன்றோ.

ஆதலின் தமிழ்த்துறையும் பொறியியல் துறையும் கூடிச் செய்ய வேண்டுவன இரண்டு. ஒன்று, ஆரம்பாக்கம் முதலாகக் குமரிமுனை வரை படகுத் தச்சரின் சொற்களை, அவர் செய்து காட்டும் தொழிலோடு சேர்த்து, வரைபடமும் ஒலிப்பதிவுமாகத் தொகுத்தல். மற்றொன்று, கலைச்சொற் குழுக்களில் அகராதி வல்லாரோடு பட்டறைத் தொழிலாளரையும் அமர்த்தி, ஒரு சொல் கருத்தை உணர்த்துகின்றதா என்பதை அவர்தம் செவியாற் சோதித்தல். சக்கரம் செய்தோனிடம் ஆரத்தையும், வீடு கட்டியோனிடம் விட்டத்தையும் பெற்ற தமிழ், படகு கட்டுவோனிடம் பெற வேண்டிய சொற்கள் இன்னும் கரையிலே கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பதிந்து கற்பித்தல் நம் தலைமுறையின் கடமை.